அத்தியாயம் 9: ஒரு செயற்கூறு எத்தனை பைட் கேட்கிறது?

நேரத்தை அளப்பதில் ஒரு தொல்லை உண்டு. அதே நிரலை அதே கணினியில் மறுபடி ஓட்டினால் வேறு எண் வரும். பிரவுசர் திறந்திருந்தால் ஓர் எண், பிராசஸர் சூடேறினால் இன்னோர் எண், லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றினால் மற்றோர் எண். நாம் செய்த திருத்தத்தால் 2 சதவீதம் வேகம் கூடியதா, தற்செயலாகக் கூடியதா என்று சொல்ல முடியாமல் நிற்போம். நினைவக ஒதுக்கீட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. கம்பைலரும் உள்ளீடும் மாறாமல், ஒரே த்ரெட்டில் ஓடும் செயற்கூறு கேட்கும் பைட்டுகளின் எண்ணிக்கை எத்தனை முறை ஓட்டினாலும் ஏறக்குறைய அப்படியே வரும். அதனால்தான் ஃபங்ஷனல் மொழியில் எழுதுகிறவர்கள் முதலில் அளக்க வேண்டியது ஒதுக்கீட்டை, கடிகாரத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். ஹாஸ்கெல் மொழியின் முதன்மைக் கம்பைலரான ஜி.எச்.சி.யை உருவாக்குகிறவர்களும் தங்கள் சோதனைத் தொகுப்பில் இதைத்தான் நம்புகிறார்கள். கம்பைலர் ஒரு கோப்பைத் தொகுக்க ஒதுக்கிய பைட்டுகள் குறித்த சதவீதத்தைத் தாண்டி மாறினால் அந்தச் சோதனை தோற்றுவிடும்.

இந்த அத்தியாயம் முழுக்க ஹாஸ்கெலையும் 64 பிட் கணினியையும் வைத்தே பேசுகிறது. வேறு மொழிக்கு என்ன மாறும் என்பதைப் போகிற போக்கில் ஓரிடத்தில் சொல்கிறேன்.

ஒதுக்கீடும் இருப்பும்

ஃபங்ஷனல் மொழியில் பழைய மதிப்பை மாற்றி எழுதுவதில்லை. புதிதாக ஒன்றைச் செய்துகொள்கிறோம். ஆகவே ஒதுக்கீடு ஓயாமல் நடக்கும். அது மலிவாகவும் இருந்தாக வேண்டும். ஜி.எச்.சி. இதற்கு ஒரு எளிய ஏற்பாடு வைத்திருக்கிறது. நர்சரி என்ற ஒரு பகுதி, அதில் அடுத்த காலியிடத்தைக் காட்டும் ஒரு சுட்டி. 24 பைட் வேண்டுமென்றால் சுட்டியை 24 நகர்த்து, எல்லையைத் தாண்டிவிட்டதா என்று பார், அவ்வளவுதான். தாண்டிவிட்டால் கார்பேஜ் கலெக்டர் வரும். நர்சரியின் அளவு 9.2 பதிப்பிலிருந்து 4 மெகாபைட். அதற்கு முன் 1 மெகாபைட்.

கலெக்டர் குப்பையைத் தொடுவதே இல்லை. இன்னும் தேவைப்படும் பொருள்களை மட்டும் வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, பழைய இடத்தை மொத்தமாகக் காலி என்று அறிவித்துவிடும். எனவே கலெக்டரின் செலவு உயிரோடிருக்கும் தரவின் அளவைப் பொறுத்தது, செத்த தரவின் அளவைப் பொறுத்ததல்ல. இதை மனதில் பதித்துக்கொண்டால் ஒதுக்கீடு என்ற எண்ணும் இருப்பு என்ற எண்ணும் ஏன் தனித்தனி என்பது விளங்கும். வீட்டுத் தண்ணீர் மீட்டரில் ஓடும் எண் ஒதுக்கீடு. தொட்டியில் இந்த நொடி நிற்கும் தண்ணீர் இருப்பு. 100 கோடி பைட் ஒதுக்கிய நிரல் எந்தக் கணத்திலும் 1 லட்சம் பைட்டுக்கு மேல் பிடித்து வைக்காமல் இருந்திருக்கலாம்.

இரண்டையும் பார்க்கச் சுலபமான வழி, ரன்டைமுக்குத் தரும் மைனஸ் எஸ் என்ற கொடி. நிரலைத் தொகுக்கும்போதே ஆர்டிஎஸ்ஆப்ட்ஸ் என்ற கொடியைச் சேர்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரன்டைம் நம் கட்டளையை ஏற்காது. நிரல் முடிந்ததும் திரையில் ஓர் அறிக்கை விழும். முதல் வரி ஹீப்பில் ஒதுக்கிய மொத்த பைட்டுகள். அடுத்தது கலெக்டர் நகலெடுத்தவை. அதற்கடுத்து உச்ச இருப்பு. பக்கத்திலேயே எத்தனை மாதிரிகளில் அது பார்க்கப்பட்டது என்றும் இருக்கும். இந்த மாதிரி எண்ணிக்கையைப் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். இருப்பு என்பது பெரிய கலெக்ஷன் நடக்கும்போது மட்டுமே அளக்கப்படுகிறது. மாதிரி 2 என்றிருந்தால் அந்த இரண்டு கணங்களுக்கு இடையில் என்ன நடந்தது என்பது அறிக்கையில் இல்லை.

கருவியைத் தொடுமுன் கையால் எண்ணுங்கள்

எதிர்பார்ப்பு இல்லாமல் அளந்தால் வரும் எண் சரியா தவறா என்றே தெரியாது. ஆகவே முதலில் காகிதத்தில் ஒரு கணக்கு. 64 பிட் கணினியில் ஒரு வேர்டு 8 பைட். ஹீப்பிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தலைப்பாக ஒரு வேர்டு, பிறகு ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு வேர்டு. இன்ட் வகை எண் ஒரு பெட்டிக்குள் இருக்கும்: தலைப்பு 1, எண் 1, ஆக 16 பைட். லிஸ்ட்டின் ஒரு கண்ணியான கான்ஸ்: தலைப்பு, தலைக்கு ஒரு சுட்டி, வாலுக்கு ஒரு சுட்டி, ஆக 24 பைட். அப்படியானால் முழுதாகக் கணக்கிட்டு வைத்த எண் லிஸ்ட்டில் ஓர் உறுப்புக்கு 40 பைட். 10 லட்சம் எண்களுக்கு 4 கோடி பைட்.

இது இருப்பு. ஒதுக்கீடு இதைவிடக் கூடும். ஹாஸ்கெல் லேஸி மொழி, தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாது. ஒன்று முதல் பத்து லட்சம் வரை என்று எழுதினால் முதல் கண்ணியைச் செய்து, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தங்க் எழுதி வைக்கும். தங்க்குக்குத் தலைப்பு ஒரு வேர்டு, பின்னால் விடை வந்து சேர ஒதுக்கிய ஒரு வேர்டு, கணக்கிடத் தேவையான மாறிகளுக்கு ஆளுக்கொரு வேர்டு. குறைந்தது 24 பைட். அது கணக்கிடப்பட்டதும் குப்பையாகிவிடும், ஆனால் மீட்டரில் ஓடியது ஓடியதுதான். எனவே லிஸ்ட் உண்மையிலேயே உருவானால் ஓர் உறுப்புக்குக் குறைந்தது 64 பைட் ஒதுக்கீட்டை எதிர்பார்க்கலாம்.

எழுத்துகளுக்கு வருவோம், இது தமிழில் எழுதுகிறவர்களுக்கு நேரடியாகப் படும் விஷயம். ஸ்ட்ரிங் என்பது எழுத்துகளின் லிஸ்ட். குறியெண் 0 முதல் 255 வரையுள்ள எழுத்துகளுக்கு ஜி.எச்.சி. பெட்டிகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது. கலெக்டர் வரும்போது புதிய பெட்டியைக் கைவிட்டு இந்தப் பொதுப் பெட்டியைச் சுட்டச் செய்துவிடும். அதனால் ஆங்கில எழுத்தின் இருப்பு கான்ஸுக்கான 24 பைட்டோடு முடிகிறது. யூனிகோடில் தமிழின் இடம் 2944இல் தொடங்குகிறது. எந்தத் தமிழ் எழுத்துக்கும் பொதுப் பெட்டி கிடையாது. ஒவ்வொன்றும் 40 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியெண்கள். ஸ்ட்ரிங்காக வைத்தால் 200 பைட்! அதையே டெக்ஸ்ட் வகையில் வைத்தால் மேற்பெட்டிக்கு 32, பைட் வரிசையின் தலைப்புக்கு 16, எழுத்துகளுக்கு 15, அதை வேர்டு எல்லைக்கு உயர்த்தினால் 16, ஆக 64 பைட்.

டெக்ஸ்ட் நூலகம் 2021இல் வந்த 2.0 பதிப்பில் யு.டி.எஃப்-16ஐ விட்டு யு.டி.எஃப்-8க்கு மாறியது. ஆங்கிலத்துக்கு இடம் பாதியானது. தமிழுக்கு ஒரு குறியெண் 2 பைட்டிலிருந்து 3 பைட்டானது. நீண்ட தமிழ்ப் பனுவலைப் பிடித்து வைக்கும் நிரலை அந்த மாற்றத்தோடு மேம்படுத்தியிருந்தால் எழுத்துகளின் பங்கு ஒன்றரை மடங்காகியிருக்கும். ஒட்டுமொத்தமாக அந்த முடிவு சரியானதே, ஏனென்றால் கோப்பிலும் இணையத்திலும் வருவது யு.டி.எஃப்-8தான், மாற்றி எழுதும் வேலை மிச்சம். ஆனாலும் ஆங்கில உள்ளீட்டில் அளந்த எண்ணைத் தமிழுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. உங்கள் பயனர் தரும் மொழியிலேயே அளவுகளை எடுங்கள்.

ஒரே ஒரு செயற்கூற்றை அளப்பது

முழு நிரலை அளப்பது எளிது. நடுவிலுள்ள ஒரு செயற்கூற்றை மட்டும் பிரித்து அளப்பதில்தான் கைத்திறன் வேண்டும்.

சிஸ்டம்.மெம் என்ற மாட்யூலில் ஒதுக்கீட்டுக் கணக்கியைப் படிக்கும் செயற்கூறு இருக்கிறது: கெட் அலொகேஷன் கவுன்டர். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு கணக்கி. அது இறங்குமுகமாக எண்ணும். ஒதுக்க ஒதுக்க எண் குறையும். ஆகவே முன்னால் படித்ததிலிருந்து பின்னால் படித்ததைக் கழிக்க வேண்டும். பழைய ஜி.எச்.சி. பதிப்புகளில் இது 4 கிலோபைட் துண்டுகளாகத்தான் நகரும், சிறிய செயற்கூறுகளுக்கு உதவாது. இன்னொரு வழி ஜி.எச்.சி.ஸ்டாட்ஸ் மாட்யூல். நிரலை மைனஸ் டி (பெரிய எழுத்து) கொடியோடு ஓட்டினால் அது திறக்கும். அதிலுள்ள எண்கள் கடைசியாக நடந்த கலெக்ஷன் வரைக்குமானவை என்பதை மறக்கக்கூடாது. கலெக்டரை நாமே கூப்பிட்டுவிட்டுப் படிக்காவிட்டால், 3 மெகாபைட் ஒதுக்கிய செயற்கூறும் 0 என்று காட்டலாம்.

படிகள் இவை. உள்ளீட்டை முதலில் முழுதாகக் கணக்கிட்டுவிடுங்கள்; டீப்செக் நூலகத்தின் ஃபோர்ஸையும் ஜி.எச்.சி.யோடு வரும் எவாலுவேட்டையும் சேர்த்தால் ஆகிவிடும். பிறகு கணக்கியைப் படியுங்கள். செயற்கூற்றை உள்ளீட்டின் மேல் ஏவி, விடையை வேண்டிய ஆழம் வரை கணக்கிடுங்கள். மறுபடி கணக்கியைப் படியுங்கள். எதுவும் செய்யாத செயற்கூறு ஒன்றையும் இதேபோல் அளந்து அந்தச் செலவைக் கழியுங்கள்.

‘வேண்டிய ஆழம்’ என்றேனே, அங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். 10 லட்சம் உறுப்புள்ள லிஸ்ட்டின் மேல் மேப் செயற்கூற்றை ஏவி, விடையை மேலோட்டமாக மட்டும் கணக்கிட்டால் முதல் கண்ணி மட்டுமே உருவாகும். சில டஜன் பைட் என்று அறிக்கை வரும். அது பொய்யில்லை, கேட்ட வேலைக்கான செலவு அதுதான், நாம் கேட்டதுதான் குறைவு. விடை லிஸ்ட் என்றால் கடைசி உறுப்பு வரை இறங்குங்கள். டேட்டா.மேப் போன்ற மரமென்றால் அதன் எலும்புக்கூடு எப்போதும் கணக்கிடப்பட்டே இருக்கும், மதிப்புகள் மட்டும் தங்க்காகக் கிடக்கலாம். நிரலில் அந்த விடையை யார், எவ்வளவு ஆழம் பயன்படுத்துகிறார்களோ அதே ஆழத்தில் அளப்பதே நியாயம்.

அடுத்த சறுக்கல், பகிர்வு. மாட்யூலின் மேல்மட்டத்தில் மாறி இல்லாமல் எழுதிய மதிப்பு ஒருமுறை கணக்கிடப்பட்டால் அப்படியே தங்கிவிடும். இரண்டாம் அளவீட்டில் அதற்குச் செலவே இருக்காது. இதோடு, கம்பைலர் தானாகவே மாறாத கணக்குகளைச் செயற்கூற்றின் உடலிலிருந்து வெளியே தூக்கி வைத்துவிடும். நூறு முறை ஏவியதாக நாம் நினைத்திருக்க, வேலை ஒருமுறைதான் நடந்திருக்கும். இதற்காகவே அளவீட்டு நூலகங்கள் செயற்கூற்றையும் உள்ளீட்டையும் தனித்தனியாகக் கேட்கின்றன. ஏவி முடித்த விடையைக் கொடுத்தால் அளக்க ஒன்றுமிருக்காது. வெய் என்ற நூலகம் இன்னும் ஒரு படி மேலே போய் ஒவ்வொரு அளவீட்டையும் தனி பிராசஸாக ஓட்டுகிறது. ஒன்றின் மிச்சம் இன்னொன்றைத் தொடாது. ஒதுக்கீட்டுக்கென்றே எழுதிய நூலகம் அது, தொடங்குகிறவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். நேரமும் சேர்ந்து வேண்டுமென்றால் டேஸ்டி-பெஞ்ச், மைனஸ் டி கொடியோடு ஓட்டினால் ஒதுக்கீடு, நகல், உச்ச நினைவகம் மூன்றையும் நேரத்தின் பக்கத்திலேயே அச்சிடும்.

மூன்றாவது, உகப்பாக்கம். ஜி.எச்.சி.ஐ. உரையாடலில் எடுத்த எண்களைத் தூக்கிப் போடுங்கள், அங்கே ஓடுவது பைட்கோட். உகப்பாக்கக் கொடியோடு தொகுத்தால் ஒன்று முதல் பத்து லட்சம் வரை கூட்டும் நிரலில் லிஸ்ட்டே உருவாகாது. உற்பத்தியும் நுகர்வும் ஒன்றாக உருகி ஒரு வெறும் சுழலாகிவிடும். 64 பைட் கணக்கு அங்கே 0 ஆகும். அளவீட்டில் இப்படி உருகிய செயற்கூறு உங்கள் உண்மையான நிரலிலும் உருகுகிறதா என்பது தனிக் கேள்வி. அங்கே லிஸ்ட் இரண்டு இடங்களில் பயன்பட்டால் உருகாது.

ஒற்றை எண்ணை நம்பாமல் சரிவைப் பாருங்கள். உள்ளீட்டை 1000, 2000, 4000 என இரட்டித்துக்கொண்டே போய், ஒதுக்கீட்டின் வித்தியாசத்தைக் கூடுதலான உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுங்கள். நிலையான செலவுகள் கழிந்து, ஓர் உறுப்புக்கு எத்தனை பைட் என்பது மிஞ்சும். அது 8ஆல் வகுபடும் முழு எண்ணாக வந்தால் கையால் போட்ட கணக்கோடு ஒட்டிப் பார்க்கலாம். தலையை எடுத்து, வாலைத் திருப்பி, கடைசியில் தலையை ஒட்டும் பாமர ரிவர்ஸை இப்படி அளந்தால் உறுப்புக்கான செலவு ஏறிக்கொண்டே போகும். 10,000 உறுப்புகளுக்கு அது ஏறக்குறைய 5 கோடி கண்ணிகளைச் செய்து எறிகிறது, குறைந்தது 120 கோடி பைட். இருப்பை மட்டும் பார்த்திருந்தால் இந்த விரயம் கண்ணில் பட்டிருக்காது.

ஒதுக்கீடு சொல்லாதவை

ஒதுக்கீட்டு எண்ணுக்கும் குருட்டுப் புள்ளி உண்டு. ஒரு பெரிய கோப்பில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் நிரலை எடுத்துக்கொள்வோம். டேட்டா.மேப்பில் இன்சர்ட்வித் கொண்டு, சொல் இருந்தால் 1 கூட்டு என்று எழுதுவோம். மரத்தின் ஒரு கணு 6 வேர்டு: தலைப்பு, அளவு, சாவி, மதிப்பு, இடம், வலம். 48 பைட். ஒரு மதிப்பை மாற்ற வேரிலிருந்து அந்தக் கணு வரையுள்ள பாதை முழுவதும் புதிதாக எழுதப்படும். 50,000 வெவ்வேறு சொற்கள் இருந்தால் பாதை சுமார் 15 கணு, ஆக ஒரு சொல்லுக்கு 720 பைட்டளவு.

இப்போது இந்த நிரலின் லேஸி வடிவத்தையும் ஸ்ட்ரிக்ட் வடிவத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். லேஸி வடிவத்தில் ஒவ்வொரு முறையும் ‘பழையதோடு 1 கூட்டு’ என்று ஒரு தங்க் சேர்கிறது, சில வேர்டுகள். ஸ்ட்ரிக்ட் வடிவத்தில் கூட்டிய விடைக்கு ஒரு 16 பைட் பெட்டி. 720க்குப் பக்கத்தில் இந்த வித்தியாசம் ஒன்றுமேயில்லை. ஒதுக்கீட்டு அறிக்கை இரண்டும் சமம் என்றே சொல்லும். ஆனால் ‘ஒரு’ என்ற சொல் 1 லட்சம் முறை வந்தால் லேஸி வடிவத்தில் அதன் கணுவுக்குக் கீழே 1 லட்சம் தங்க்குகள் சங்கிலியாகத் தொங்கும், ஒன்றைக்கூடக் கலெக்டரால் விடுவிக்க முடியாது. இருப்பைப் பார்த்தால்தான் தெரியும். டேட்டா.மேப்.ஸ்ட்ரிக்ட் மாட்யூலுக்கு மாறினால் சங்கிலி அறுந்துபோகும், ஒரு இம்போர்ட் வரியில் முடிகிற வேலை. இதனால்தான் வெய் அறிக்கையில் ஒதுக்கீட்டோடு இருப்புப் பத்தியையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள் என்கிறேன்.

நேரத்துக்கும் ஒதுக்கீடு முழுச் சாட்சியில்லை. திரும்ப வருவதை நீக்கும் நப் செயற்கூறு எல்லாம் வெவ்வேறான லிஸ்ட்டில் இருபடி நேரம் எடுக்கும், ஒதுக்கீடோ நேர்கோட்டில் போகும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் புது இடம் தேவையில்லையே. சி மொழி நூலகத்தைக் கூப்பிட்டால் அது மாலக் வழியாக வாங்கும் இடமும் கணக்கில் சேராது. ஒரு பெரிய டெக்ஸ்டிலிருந்து சிறு துண்டை வெட்டினால் ஒதுக்கீடு 32 பைட்தான், ஆனால் அந்தத் துண்டு உயிரோடிருக்கும்வரை மொத்தப் பனுவலும் உடனிருக்கும். நீண்ட நாள் வைத்திருக்கப்போகும் துண்டென்றால் காப்பி செய்துவிடுங்கள்.

எந்த வரி ஒதுக்குகிறது என்று தெரியவில்லையென்றால் ப்ரோஃபைலர். காஸ்ட் சென்டர் என்ற இந்த முறையை சான்சமும் சைமன் பெய்ட்டன் ஜோன்ஸும் 1995இல் விளக்கி எழுதினார்கள். எல்லாச் செயற்கூற்றுக்கும் தானாகக் காஸ்ட் சென்டர் போடச் சொன்னால் உகப்பாக்கம் தடைப்பட்டு, உருகியிருக்க வேண்டிய லிஸ்ட் உருகாமல் நின்று, இல்லாத ஒதுக்கீட்டைக் காட்டும். 9.4 பதிப்பிலிருந்து உகப்பாக்கம் முடிந்தபின் காஸ்ட் சென்டர் போடும் ப்ராஃப்-லேட் கொடி இருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள், முந்தைய வழியை இடம் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணுக்கு அல்ல.

ஒகாமல் எழுதுகிறவர்களுக்கு வாழ்க்கை இன்னும் எளிது. மொழி லேஸியில்லை, ஆகவே ஆழம் என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. இன்ட் பெட்டியில்லாமல் நேரடியாகக் கண்ணிக்குள் உட்காரும், எனவே எண் லிஸ்ட்டின் உறுப்புக்கு 24 பைட். ஜிசி மாட்யூலின் மைனர் வேர்ட்ஸை முன்னும் பின்னும் படித்தால் பெரும்பாலான செயற்கூறுகளுக்கு அதுவே போதும், எண் பைட்டாக இல்லாமல் வேர்டாக வரும். கோர்-பெஞ்ச் நூலகம் சிறு ஹீப், பெரு ஹீப், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறியவை என மூன்று பத்திகள் தரும்.

வரம்பைச் சோதனையில் எழுதி வையுங்கள்

அளந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதினால் யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. சோதனைக் கோப்பில் எழுதுங்கள். வெய் நூலகத்தில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் உச்ச ஒதுக்கீடு இவ்வளவு என்று வரம்பு வைக்கலாம். தாண்டினால் சோதனை தோற்கும். அளவீட்டு எண்ணுக்கு மேல் 5 சதவீத இடைவெளி விடுவது என் வழக்கம். நேரத்துக்கு இவ்வளவு இறுக்கமான வரம்பு வைத்தால் சி.ஐ. சர்வர் நாளுக்கு நாலு முறை காரணமில்லாமல் சிவப்பாகும். ஒதுக்கீட்டில் சிவப்பு வந்தால் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் ஒரு ஸ்ட்ரிக்ட் குறி விடுபட்டிருக்கும், அல்லது உருகிக்கொண்டிருந்த லிஸ்ட்டை யாரோ இரண்டாம் முறை பயன்படுத்தியிருப்பார்கள்.

எல்லாச் செயற்கூற்றுக்கும் வரம்பு போட வேண்டாம். கோரிக்கைக்கு ஒருமுறை, வரிக்கு ஒருமுறை என்று ஓயாமல் ஓடும் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எண் குறைந்தாலும் விசாரியுங்கள். வேலை குறைந்ததா, அல்லது அளவீடு மேலோட்டமாகிவிட்டதா என்று பார்த்துவிட்டே வரம்பை இறக்குங்கள். கம்பைலர் பதிப்பு மாறும்போது எண்கள் கட்டாயம் நகரும். அந்த நாளில் வேறெந்தத் திருத்தமும் செய்யாமல், பதிப்பை மட்டும் மாற்றி, புதிய எண்களைத் தனி கமிட்டாகச் சேருங்கள். கமிட் செய்தியில் பழைய எண், புதிய எண், இரு பதிப்புகளின் பெயர் மூன்றையும் எழுதுங்கள்.